மூன்று மூலையில் ஏறிய கூரை

வார்விக்குக்கு மூன்று வாரமாகத் தூக்கம் கெட்டிருந்தது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். கைப்பிடியைச் சுற்றினால் கூரை மேலே எழும்பி, இரண்டு பக்கமும் கான்வாஸ் போர்த்திய படுக்கை நீளுமே, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற அந்த மாதிரி முகாம் வண்டி ஒன்று வாங்க வேண்டும். ஜூலை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள கேப் யார்க் போவதாகத் திட்டம். டூவூம்பாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற மனிதர் அவர். பேருந்து நிறையப் பிள்ளைகள் கத்தினாலும் நிதானம் தவறாதவர், இந்த ஒரு விஷயத்தில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிட்டார்.

வண்டிக்கு அடியில் சாதாரணப் பட்டை ஸ்பிரிங்கே போதும் என்றான் ஒரு நண்பன். அதை நம்பி அந்த மண்ரோட்டில் போனால் பல்லெல்லாம் கழன்று மடியில் விழும் என்றான் இன்னொருவன். கூரை எழும்புகிற வண்டியே வேண்டாம், செம்புழுதி புகுந்து ரொட்டிகூடச் சிவந்துவிடும் என்று பயமுறுத்தினான் மூன்றாமவன். எல்லாருமே சரியாகச் சொல்வதுபோல் இருந்ததுதான் தொல்லை.

உண்மையான குழப்பம் ஸ்பிரிங்கில் இல்லை. அது அவருக்கும் தெரியும். மனைவி நெரிடாவின் மகள் டீகனுக்கு வயது பதின்மூன்று. அவளைப் பெற்ற அப்பா நாட்டின் மறுகோடியில், பெர்த்தில் இருக்கிறார். விடுமுறைக்குத் தன்னிடம் வரச் சொல்கிறார். போகிறாளா, இவர்களோடு வருகிறாளா என்று நாளைக்குள் சொல்லியாக வேண்டும். வண்டி நன்றாக அமைந்துவிட்டால் வந்துவிடுவாள் என்று வார்விக் எப்படியோ நம்பியிருந்தார். உனக்கு எது பிடிக்கிறது என்று கேட்டால், "எதுவா இருந்தா என்ன" என்பாள். இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்னத்தைத்தான் முடிவு செய்வான்?

அன்று மூவருமாகப் பார்க்கப் போனது ஊருக்கு வெளியே கிளைவ் என்ற முதியவரின் வண்டியை. முழங்கால் விட்டுப்போனதால் விற்கிறார். கூரை இன்னும் மூடித்தான் இருந்தது. நான்கு மூலையிலும் அதை இறுக்கிப் பிடிக்க ஒவ்வொரு கொக்கி.

"மொதல்ல வேலையப் பிரிச்சுக்குங்க," என்றார் கிளைவ். "எங்க வீட்ல அவ கொக்கி, நான் கைப்பிடி. கொக்கி ஆளு கழட்டணும், கைப்பிடி ஆளு ஒரு சுத்து வந்து பாத்துட்டுத்தான் தொடணும். உங்க வீட்ல யாரு கொக்கி?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த வீட்டில் யார் என்ன ஆள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

"டீகன், நீ போயேன்," என்றாள் நெரிடா.

டீகன் ஒரு பெருமூச்சு விட்டு, போனைப் பார்த்தபடியே வண்டியைச் சுற்றி வந்து, "ஆச்சு," என்றாள்.

வார்விக் கைப்பிடியைப் பிடித்தார். ஒரு சுற்று போய்ப் பார்க்க வேண்டும். பார்த்தால் அவளை நம்பவில்லை என்று ஆகிவிடுமோ? பார்க்காமலே சுற்ற ஆரம்பித்தார். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று இன்னும் அழுத்தினார்.

டணார் என்று உள்ளே ஏதோ அறுந்தது. கூரை மூன்று மூலையில் ஏறி, நான்காவதில் கொக்கியோடு சிக்கி, ஒருக்களித்துக்கொண்டு நின்றது.

"அடப்பாவமே," என்றார் கிளைவ். "அந்த மூலைய யாரு விட்டது?"

டீகனின் முகம் வெளுத்துவிட்டது. போன் சட்டைப்பைக்குள் போயிற்று.

"நான்தான்," என்றார் வார்விக். "அத நான் கழட்டறேன்னு அவகிட்ட சொல்லிட்டு மறந்துட்டேன்."

அப்படி ஒரு வார்த்தையும் அவர் சொல்லவில்லை. நெரிடா அவரையே வெறித்துப் பார்த்தாள். டீகன் வாசல் கேட்டை நோக்கி நடந்தாள்.

"ஏன்யா பொய் சொன்ன?" என்று நெரிடா காதோரம் கேட்டாள்.

"தெரியல."

நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. காப்பாற்றினாரா, அவமானப்படுத்தினாரா? இனி பெர்த்துக்கே போய்விடுவாளோ? மன்னிப்புக் கேட்கலாம் என்று பின்னாலேயே போனார். எதற்கு மன்னிப்பு என்பது அவருக்கே புரியவில்லை.

அவள் கேட்டில் சாய்ந்து, இவருக்கு முதுகைக் காட்டியபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஜூலைல நான் வரல... கோவம்லாம் ஒண்ணும் இல்லப்பா, கிறிஸ்மஸுக்கு வரேன். இந்த வார்விக்க நம்பி அம்மாவ எப்படித் தனியா அனுப்புறது? கொக்கியக் கழட்டாமயே கூரைய ஏத்துறாரு. சத்தியமாப்பா! அடுத்தவங்க வண்டிய ஒடச்சே போட்டாரு. சரியான மண்டு."

போனுக்குள்ளிருந்து, வார்விக் இதுவரை கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு மனிதர் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. டீகனும் சிரித்தாள்.

வார்விக்குக்குக் காது சூடேறியது. கண்ணும் கலங்கியது. இரண்டில் எதைத் துடைப்பது என்று தெரியாமல், சத்தம் காட்டாமல் திரும்பி வந்தார்.

"இதையே எடுத்துக்கறேன்," என்றார் கிளைவிடம்.

"ஒடஞ்சதையா?" என்று கேட்டார் கிளைவ். "வேற ரெண்டு வண்டியப் பாத்துட்டு, யோசிச்சு முடிவு பண்ணுப்பா."

"மூணு வாரமா யோசிச்சுட்டேன்," என்றார் வார்விக்.