காவடி இறங்குமிடம்

திருத்தணி ஆடிக் கிருத்திகைக்கு நர்ஸான என் மனைவி ஸ்வீட்லினிடம் இரண்டே முதலுதவிப் பந்தல்கள் இருந்தன. வெயிலடித்தால் கூட்டம் படிக்கட்டில் நிற்கும், மழை பெய்தால் மண்டபத்தில் ஒண்டும். எது வருமென்று தெரியாமலே நான் கணினியில் கணக்குப் போட்டு இடம் குறித்தேன்.

"இதான் பெஸ்ட்டாங்க?"

"இல்ல. ஆனா வெயிலோ மழையோ, விழுந்தவங்களுக்கும் பந்தலுக்கும் உள்ள தூரம் பெஸ்ட்டுக்கு ரெண்டு மடங்குக்கு மேல போவாது. கேரண்டி!"

"உங்கள கட்டிக்கினதும் இதே கணக்குலதான்."

அன்று வெயில் கொளுத்தியது. படிக்கட்டில் ஒருவரும் விழவில்லை. தோளில் காவடி இருக்கும்வரை பக்தர் பல்லைக் கடித்து நிற்பார், இறக்கி வைத்த பிறகுதான் சரிவார். என் கணக்கில் தோளே கிடையாது.

மேலே, காவடி இறக்கும் சன்னதி வாசலில் ஒரு பெரியவர் சரிந்ததாகத் தகவல் வந்தது. ஸ்வீட்லின் பையோடு ஓடினாள், நான் நாக்குத் தள்ளப் பின்னால் ஓடினேன்.

பெரியவர் கண் திறந்து என்னைப் பார்த்தார். "அம்மா, மொதல்ல இவர பாருங்க."

தண்ணீர் குடித்துவிட்டு, காவடி இறங்குமிடத்தையும் சேர்த்து அங்கேயே மறுபடி கணக்குப் போட்டேன். படிக்கட்டுப் பந்தலை நாங்களே பிரித்து மேலே தூக்கி வந்தோம். அடுத்தவர் காவடியை இறக்கியபோது, பாய் விரித்து அருகிலேயே நின்றோம்.