மழுக்காத மூலை

தூணுக்கு இருப்பது ஒரே வேலை, நிற்பது. அது நிற்குமா என்று பார்ப்பதற்குத்தான் லேபில் எனக்குச் சம்பளம்.

அக்கா கீழ்வீட்டில் குடியிருக்கும் கட்டடத்தின் மேல் ஒரு மாடியும் தண்ணீர்த் தொட்டியும் புதிதாக ஏற்றினார்கள். பாரம் தாங்கவென்று கீழ்த்தளத்துச் சதுரத் தூண்களில் பசை தடவி, கார்பன் துணி சுற்றிய காண்ட்ராக்டர் அக்கா புருஷன்தான். சோதனைக்கு அவர் அனுப்பியவை எல்லாம் துணி சுற்றிய கான்கிரீட் உருளைகள். ஜம்மென்று தாங்கின. துணியை அறுக்கும் கூர்மூலையே இல்லாத உருளை தாங்காமல் என்ன செய்யும்? எனக்கு மனசு கேட்கவில்லை. அங்கே செய்த மாதிரியே ஒரு சதுரத் துண்டு செய்து தரச் சொல்லி, இன்று மிஷினில் ஏற்றினேன்.

பாரம் ஏற ஏற, பல்லி கத்துகிற மாதிரி டிக், டிக்கென்று சத்தம். இழைகள் அறுகின்றன. கையிலிருந்த டீயைக் கீழே வைப்பதற்குள் மூலையில் துணி கிழிந்து, துண்டு படாரென்று வெடித்தது. துணியே சுற்றாத வெறும் கான்கிரீட்டைவிடக் கொஞ்சமே கொஞ்சம்தான் அதிகம் தாங்கியிருந்தது.

மாமா பக்கத்தில்தான் நின்றார்.

“மூலைய மழுக்கவே இல்லையா மாமா?”

“மிஷின் வச்சுத் தேய்க்கணும் மச்சான். வீடு பூரா தூசி பறக்கும். உங்கக்காவுக்கு இழுப்பு வந்தா தாங்க மாட்டா. அவளுக்காகத்தான் விட்டேன்.”

“எல்லாத் தூணையுமா?”

“எல்லாத்தையும்தான்.” அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வாய்வரை வந்த திட்டை விழுங்கினேன். அக்காவுக்குப் போன் போட்டு, அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

“அக்கா, எல்லாரையும் கூட்டிட்டு உடனே வெளிய வா. தூண் தாங்காது.”

“உளறாத. தூணச் சுத்துனது அவரு. நானே வெளிய ஓடுனா அவர ஊர்ல யாரு மதிப்பா? நான் இருக்கேன்னுதான் மேல எல்லாரும் நிம்மதியா இருக்காங்க.”

“உன் கால்ல விழறேன், வாக்கா.”

“சரி சரி, வரேன். இந்தப் பல்லிய மட்டும் வெரட்டிட்டு வரேன். காலைல புதுத் தொட்டில தண்ணி ரொப்புனாங்க, அதுலேருந்து ஹால் தூண்ல டிக் டிக்னு உயிர வாங்குது. எங்க ஒளிஞ்சிருக்குன்னே தெரியல. இரு, நீயே கேளு.”

போனைத் தூணில் வைத்தாள். மாமாவுக்கும் அது கேட்டது.