காலிதீன் சேர் போட்ட பதில்

காலிதீன் சேரை எந்த நாள் போய்ச் சந்திக்கலாம் என்று கேட்டு எழுதத்தான் முஸ்பிறா அன்று காலை லிங்க்ட்இனைத் திறந்தாள். பக்கத்து மேசையில் சுலோஜனா ஒரு பல்வலிக்காரரைப் போனில் சிங்களத்தில் ஆறுதல்படுத்திக்கொண்டிருந்தாள். கல்முனை பிரதான வீதியில் மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைதான் இருவரின் கம்பனி. போன் எடுக்க ஆளில்லாத இடங்களுக்காகப் போன் எடுப்பது அவர்களுடைய தொழில். நல்லரெத்தினம் டொக்டரின் பல் கிளினிக்குக்கு யார் அழைத்தாலும் மணி இந்த அறையில்தான் அடிக்கும். தமிழோ சிங்களமோ ஆங்கிலமோ, இருவரில் ஒருத்தி எடுத்து, வலியைக் கேட்டு, வரவேண்டிய நேரத்தைச் சொல்லுவாள். அந்த ஒரு கிளினிக்கின் உப்பில்தான் கம்பனி இவ்வளவு நாளும் உயிரோடு இருந்தது. இப்போது டொக்டர் மாதக் கடைசியோடு கிளினிக்கை மூடிவிட்டு அவுஸ்திரேலியாவில் இருக்கும் மகனிடம் போகிறார். அதற்குள் போன் எடுத்துக் கொடுக்க இன்னோர் இடம் கிடைக்காவிட்டால் அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு திசையாகப் போகவேண்டியதுதான்.

கிடைக்கும் என்று முஸ்பிறா நம்பியிருந்தாள். லிங்க்ட்இனில் பெயர் வைத்திருக்கும் முகாமையாளர்களுக்கெல்லாம் செய்தி அனுப்புவது சுலோஜனாவின் பொறுப்பு. செய்தியை எழுதியது முஸ்பிறா. யூடியூபில் ஒரு விற்பனைப் பண்டிதர் சொல்லிக்கொடுத்தபடி, 'தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சிப் பயணத்தில் நம்பகமான பங்காளராக' என்று தொடங்கி மூன்று பந்தி. வாசிக்கிற மனிதருக்கு மூச்சு வாங்கும். தொடக்கத்தில் மட்டும் ஆளுக்கேற்ற மரியாதை உண்டு. முஸ்லிம் பெயரென்றால் அஸ்ஸலாமு அலைக்கும், தமிழ்ப் பெயரென்றால் வணக்கம், சிங்களப் பெயரென்றால் ஆயுபோவன். பதில் வராவிட்டால் கிழமைக்கு ஒருமுறை திரும்ப அனுப்பு, விடாதே என்றும் பண்டிதர் சொல்லியிருந்தார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம்மவர்களே சொல்லி வைத்திருக்கும்போது அந்த மனிதரை மட்டும் குறை சொல்லி என்ன. ஆனால் அம்மி நகரவில்லை. ஹோட்டல்காரர்கள் வாய் திறக்கவில்லை, கிளினிக்காரர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நிர்வாக முகாமையாளராக இருக்கும் காலிதீன் சேர் ஒருவர்தான் விதிவிலக்கு. "அவர் மட்டும் ஒவ்வொரு முறையும் பதில் போடுறார் அக்கா," என்று சுலோஜனா கிழமைக்குக் கிழமை சொன்னாள். முஸ்பிறாவும் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு, அந்தப் பதிலைத் திறந்து பார்க்காமலேயே மனக்கோட்டை கட்டிவிட்டாள்.

கோட்டை கட்டியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கொழும்பில் ஒரு கோல் சென்டரில் சுலோஜனாவுக்கு வேலை சரிவந்திருந்தது. பெரியநீலாவணையில் அவளுடைய அம்மா அன்னப்பிள்ளை பயணப் பை கூட வாங்கி வைத்துவிட்டாள். முஸ்பிறாதான் கையைப் பிடித்து, "போகாதகா, ஒண்டு வருது, இன்ஷா அல்லாஹ்," என்று நிறுத்தினாள். சுலோஜனா மறுபேச்சில்லாமல் கொழும்புக்காரரிடம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

இப்போது அந்த உரையாடல் முஸ்பிறாவின் கண்முன் திறந்து கிடந்தது. மேலே அவளுடைய மூன்று பந்தி. அதற்குக் கீழே காலிதீன் சேரின் பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மதுல்லாஹ். திரும்பவும் மூன்று பந்தி. திரும்பவும் வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மதுல்லாஹ். மேலும் கீழும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பங்காளரும் இல்லை, பயணமும் இல்லை.

சுலோஜனா போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். "எந்த நாளாம் அக்கா?"

"சுலோ, இது சலாத்துக்குப் பதில் புள்ள."

"ஓம், பதில்தானே. நான் சொன்னன்தானே."

"இல்லகா. எங்கட ஆக்களுக்கு யாரும் சலாம் சொன்னா திருப்பிச் சொல்லியே ஆகணும். அது கடமை. இவர் கடமைய மட்டும் செஞ்சிருக்கார். மத்தக் கதைக்கு ஓம் எண்டும் சொல்லல்ல, இல்ல எண்டும் சொல்லல்ல."

சுலோஜனா விரலால் திரையைத் தள்ளி அத்தனை பதிலையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு, "வணக்கத்துக்கு அப்பிடி ஒரு சட்டமும் இல்ல. அதான் எங்கட ஆக்கள் ஒருத்தரும் வாய் திறக்கல்ல," என்றாள். முஸ்பிறாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "உன்னக் கொழும்புக்குப் போக விடாமப் பண்ணிட்டனே," என்றாள்.

"நீங்க சொல்லித்தான் நிண்டன் எண்டு நினைக்கிறீங்களா? எனக்குப் போக மனமில்ல அக்கா. அம்மாக்குச் சொல்ல ஒரு சாட்டு தேடிக்கிட்டு இருந்தன். நீங்க தந்தீங்க." இதைச் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல அடுத்த போனை எடுத்தாள். இப்படி ஒருத்தியைத் தனக்குக் கூட்டாளியாகக் கொடுத்த அல்லாஹ்வுக்கு முஸ்பிறா மனதுக்குள் நன்றி சொன்னாள். கம்பனி போனாலும் போகட்டும், இவள் கிடைத்தாளே என்று இருந்தது.

ஆனாலும் அந்தச் சலாம்கள் அவளை விடவில்லை. ஒரு வீட்டு வாசலில் மூன்று தரம் சலாம் சொல், உள்ளேயிருந்து சத்தம் வராவிட்டால் முகம் சுளிக்காமல் திரும்பிவிடு என்பது மத்ரசாவில் சின்ன வயதிலேயே படித்த பாடம். வாசலில் அதைச் சரியாகத்தான் செய்வாள். போனில் மட்டும் அது எங்கே போனது? பதில் சொல்லாமல் இருக்க முடியாத ஒரு மனிதரைப் பார்த்து, கிழமைக்கொருமுறை சலாத்தைத் தூண்டில் புழுவாகக் கோத்துப் போட்டிருக்கிறோம் என்று நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த மனிதரோ ஒரு தடவையும் சலிக்கவில்லை. ஒரு எழுத்தைக்கூடக் குறைக்காமல் முழுதாகத்தான் திருப்பிச் சொல்லியிருந்தார்.

மத்தியானம் அவள் எழுதினாள். 'அஸ்ஸலாமு அலைக்கும் சேர். விற்பனைக்காக உங்களைத் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்துவிட்டோம். மன்னியுங்கள். ஒவ்வொரு முறையும் எங்கள் சலாத்துக்குப் பதில் சொன்னீர்கள். ஊரில் வேறு யாரும் அதைச் செய்யவில்லை. உங்களுக்கு நன்றி. இனி எழுத மாட்டோம்.'

சுலோஜனா தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள். "கடைசில எங்கட நம்பர ஒரு ஓரமாப் போட்டா என்ன?"

"மன்னிப்புக் கேக்கப் போற இடத்தில ஆரும் சாமான் விப்பாங்களா?" என்று சொல்லி முஸ்பிறா அனுப்பிவிட்டாள். நம்பரைப் போட அவளுக்கும் கை துடித்தது என்பதை இங்கே மறைக்கத் தேவையில்லை.

அடுத்த நாள் வந்தது எழுத்தில்லை, குரல் செய்தி. பின்னால் எங்கோ உழவு மெஷின் இரைந்துகொண்டிருந்தது. இருவரும் போனை நடுவில் வைத்துக் கேட்டார்கள்.

"வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மதுல்லாஹ். மகள், நான் காலிதீன் கதைக்கிறன். நான் அந்த ஆஸ்பத்திரில இருந்து பென்சன் எடுத்துக் கனகாலம். லிங்க்ட்இன்ல பதவிய மாத்தத் தெரியாம விட்டுட்டன். இப்ப ஊரில, இறக்காமத்தில, வயலோட இருக்கன். யானை வராத நாள்ல நித்திரை, வந்த நாள்ல காவல். வேல செஞ்ச காலத்தில என்ட போன் சலாத்தால நிறைஞ்சிருக்கும். பென்சன் எடுத்த கிழமையோட எல்லாம் நிண்டிட்டு. உங்கட சலாம் மட்டும் தவறாம வந்திச்சு. கீழ நீங்க எழுதினது என்ட பதவிக்கு வந்தது மகள், அத நான் வாசிக்கல்ல. சலாம் எனக்கு வந்தது. அதுக்குத்தான் பதில் போட்டன். இனி எழுத மாட்டம் எண்டு போட்டிருக்கீங்க. விக்கிறத நிப்பாட்டுங்க. சலாத்த நிப்பாட்டாதீங்க."

முஸ்பிறா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தொந்தரவு கொடுத்தோம் என்று வெட்கப்பட்டது போய், அந்தத் தொந்தரவையும் வரவென்று வைத்துக்கொண்ட ஒரு மனிதருக்காக இப்போது அழுகை வந்தது. குரல் அதோடு முடியவில்லை. கொஞ்சம் இருமிவிட்டு, "ஓ, நீங்க செய்யிற தொழில் என்ன எண்டு வாயால சொல்லுங்களன். இப்பதான் வாசிச்சுப் பாத்தன், எழுத்தில விளங்கல்ல," என்றது.

முஸ்பிறா வாயைத் திறப்பதற்குள் சுலோஜனா போனை இழுத்துக் குரல் பதியும் பொத்தானை அழுத்தினாள். "போன் எடுக்க ஆளில்லாத இடத்துக்கு நாங்க போன் எடுப்பம் சேர். மூணு பாஷையிலயும் எடுப்பம்."

அவர் உடனேயே பதில் அனுப்பினார். முதலில் சிரிப்பு. "இத முதல்லயே எழுதி இருக்கலாமே புள்ள. அந்த ஆஸ்பத்திரில பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பிறகு போன் அடிச்சிக்கிட்டே கிடக்கும். நானே எத்தின தரம் ஓடிப்போய் எடுத்திருப்பன். இப்ப என்ட இடத்தில ஆதிலா எண்டு ஒரு பொம்புளப்புள்ள இருக்கா. கேட்டுப் பாக்கிறன். அவ ஓம் எண்டுவா எண்டு நான் சொல்ல மாட்டன்."

அதற்குப் பிறகு சத்தமில்லை. நாட்கள் ஓடின. டொக்டர் தன் நோயாளிகளுக்குக் கடைசி நேரங்களைக் கொடுத்து முடித்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடை முதலாளி றஸாக் காக்கா, மேலறையை வாடகைக்கு யாரோ கேட்டார்கள் என்று கீழே நின்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். நினைவுபடுத்தி ஒரு வரி எழுதுவோமா என்று சுலோஜனா காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கேட்டாள். முஸ்பிறா மறுத்தாள். வெள்ளிக்கிழமை வந்ததும் இருவருமாக வெறும் சலாம் மட்டும் அனுப்பினார்கள், வேறு எதுவும் இல்லாமல். அவரும் வெறும் சலாம் மட்டும் திருப்பி அனுப்பினார்.

"இதில ஏதும் மறைபொருள் இருக்குமா அக்கா?"

"இல்லகா. நல்லா இருக்கீங்களா எண்டு கேட்டம். நல்லா இருக்கன் எண்டுட்டார்." சொன்னபோது தனக்கே ஒரு நிம்மதி வந்ததை முஸ்பிறா கவனித்தாள். என்ன ஆகப்போகிறதென்று தெரியாது. ஆனாலும் இறக்காமத்தில் வயலோரம் ஒருவர் சலாம் சொல்லி இவர்களுக்காகச் சாந்தி கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கும் ஒரு அல்ஹம்துலில்லாஹ் சொல்லலாம்தானே.

மாதக் கடைசிக்கு முந்திய நாள் பின்னேரம், முஸ்பிறா மேசைக்கடியில் குனிந்து வயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கீழே மோட்டார் சைக்கிள் ஒன்றும் அதன் பின்னாலேயே ஸ்கூட்டி ஒன்றும் வந்து நின்றன. மரப்படியின் அடியிலிருந்து, வயல்வெளியில் கூப்பிட்டுப் பழகிய ஓர் ஆண்குரல் எழுந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்!"

முஸ்பிறா மேசைக்கடியிலிருந்து தலையை எடுப்பதற்குள் சுலோஜனா கதவுக்கு ஓடிவிட்டாள். "வஅலைக்குமுஸ்ஸலாம்! மேல வாங்க சேர்!"

பாரமான செருப்பொன்று படியேறத் தொடங்கியது. அதற்குப் பின்னால், கொஞ்சம் தயங்கித் தயங்கி, குதிச்செருப்பின் சத்தமொன்றும் ஏறி வந்தது. "ஆதிலாவா இருக்கும் அக்கா," என்று சுலோஜனா கிசுகிசுத்தாள். அறையில் இருந்ததே இரண்டு கதிரைகள். இரண்டையும் சுவரோரத்திலிருந்து இழுத்து வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.