சங்குத்திட்டுக்கு வந்த பறவை அன்பர்

பறவைகளிடம் தமக்குள்ள பேரன்பைத் தாமே அச்சடித்து அஞ்சலில் அனுப்பும் மனிதரை ஆசியா உம்மாள் அதற்குமுன் அறிந்ததில்லை. கடலூர்ச் செம்மண்டலத்திலிருந்து வந்த கடிதத்தின் தலைப்பிலேயே, ‘தில்லைநாதன், தலைவர், பறவை அன்பர் கழகம்’ என்று நீல மையில் பொறித்திருந்தது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறாம் ஆண்டின் தை மாதம். கிள்ளைக்கு அப்பால், உப்பங்கழியின் நடுவே சங்குத்திட்டு. பினாங்கிலிருந்து திரும்பிய அவள் கணவர் அங்கே ஓர் ஓட்டு வீட்டைக் கட்டி, சுண்ணாம்பு உலருமுன் மௌத்தாகிவிட்டார். அந்த வீட்டை விடுமுறைக்கு வருவோருக்கு அவள் வாடகைக்கு விட்டுவந்தாள். கயிற்றுக் கட்டில், கழிக் காற்று, சூடான இறால் வறுவல் இவற்றோடு, வாசலுக்கு எதிரே ஒரு மரமும் உண்டு. தை பிறந்தால் அதில் நாரையும் வக்காவும் நீர்க்காகமும் கூடு கட்டும். வருவோர் அவற்றைக் காணத்தான் வந்தார்கள். ஆனால் வருவோர் போதவில்லை. கோடைக்குள் ஆள் சேராவிட்டால் வீட்டைக் கருவாட்டுக் கிடங்காக்கிவிடுவதாகக் கொழுந்தன் சொல்லிவிட்டான். தில்லைநாதன் விடுதிப் பதிவேட்டில் நான்கு நல்ல வரி எழுதிக் கையொப்பமிட்டால், கழகத்தார் நாற்பது குடும்பத்தாரும் படகேறுவர். ஆகையால் அவரை அவள் மாப்பிள்ளையைத் தாங்குவதுபோல் தாங்கினாள்.

முதல் நாள் பகலுணவிலேயே அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“என்னம்மா இது, இப்படி நாறுது?”

“பறவைங்க பின்ன பன்னீரா தெளிக்கும்?” என்றாள் அவர் மனைவி ஞானாம்பாள்.

மறுநாள் விடிந்ததும் குரங்குக் குல்லாயோடு வாசலுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. “ராவெல்லாம் ஒரே கூச்சல். அந்தக் கெளைங்க ரெண்டையும் வெட்டச் சொல்லுங்க. அதுங்க எதிர்க்கரைக்குப் போயிடும். பறவைய தூரத்துல வெச்சிப் பாக்கறதுதான் முறை. அதுக்குத்தானே தூரக்கண்ணாடி?”

“கூட்டுல குஞ்சு இருக்குதுங்க ஐயா.”

“குஞ்சுக்கு எறக்கை இல்லியா?”

இறகே முளைக்காத குஞ்சுக்கு இறக்கையைச் சிபாரிசு செய்யும் பறவை அன்பரை ஆசியா உம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள். படகோட்டும் ஹபிபுல்லா, அவளுடைய தமையன் மகன், குறுக்கிட்டான். “அது தில்லை மரங்க. வெட்டுனா பால் வரும். கண்ணுல பட்டா கண்ணே போயிடும். நாங்க தொட மாட்டோம்.”

தில்லைநாதன் வயிறு குலுங்கச் சிரித்தார். “தம்பி, எம் பேரே தில்லைநாதன். பொறந்தது சிதம்பரம் கீழவீதி. தில்லை மரத்தப் பத்தி மூணு கூட்டத்துல பேசி மாலை வாங்கியிருக்கேன். அது தெய்வ மரம்பா! இப்படிச் சேத்துல கால வுட்டுக்கிட்டு, மேலெல்லாம் எச்சத்தோட நிக்குமா?”

“மாலை போட்டவுங்க மரத்தக் காட்டலியாக்கும்,” என்று ஹபிபுல்லா முணுமுணுத்தான்.

“வெட்டலேன்னா நோட்டுல நான் உள்ளதத்தான் எழுத வேண்டியிருக்கும்.”

ஆசியா உம்மாளுக்குக் கருவாட்டு வாடை அப்போதே மூக்கில் ஏறியது. ஆயினும், “நாங்க வெட்ட மாட்டோம். நீங்களும் வெட்டாதீங்க,” என்றாள். சொன்னதைக் கேட்டால் தலைவர் பதவி என்னாவது? அடுப்படி வாயிலில் கிடந்த தேங்காய் அரிவாளைத் தாமே எடுத்துக்கொண்டு போனார். இரண்டே வெட்டு, கிளை அசையவில்லை, பால்தான் பீறிட்டது. நெற்றி வேர்வையைப் பால் வழிந்த கையாலேயே வழித்தார். அடுத்து அவர் போட்ட கூச்சலுக்கு முன் நாரைகளின் கூச்சல் தாலாட்டு.

ஹபிபுல்லா குடம் குடமாக நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவினான். “ரெண்டு மூணு நாளுல வடிஞ்சிடும் மாமி, ரெண்டு சொட்டுதான் பட்டிருக்கு. எதுக்கும் சிதம்பரத்துல டாக்டர்கிட்ட காட்டிடணும்,” என்று அத்தையிடம் சொன்னான். ஆனால் கழி வற்றியிருந்தது. படகு சேற்றில் அமர்ந்திருந்தது. நீரேற்றம் வரும்வரை, பணியாரம்போல் வீங்கி மூடிய கண்களில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு, அந்த மரத்துக்கு எதிரிலேயே சாய்வு நாற்காலியில் கிடந்தார் பறவை அன்பர். தூரக்கண்ணாடி இப்போது ஞானாம்பாளிடம்.

“ஏங்க, தாய் நாரை வாயிலேந்து மீனக் கக்குது. குஞ்சு எட்டி எட்டி வாங்குது. அடடா, நீங்க பாக்கலியே!”

“பேசாம இருடி.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஞானாம்பா, கழகத்துல இத யாருக்கும் சொல்லிடாத.”

“எத? தில்லைய தெரியாததையா, குஞ்சு இருக்கற கெளைய வெட்டப் போனதையா?”

கண்ணைவிட மானத்துக்கே அவர் அஞ்சுகிறார் என்பது ஆசியா உம்மாளுக்கு அந்தக் கணமே விளங்கியது. பதிவேட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

“ஏத்தம் வந்துடுச்சுங்க ஐயா. எழுதிட்டுப் போங்க. நீங்க சொன்ன மாதிரி, உள்ளத மட்டும் எழுதுங்க.”

“உள்ளதையா?” அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சேச்சே! நல்லதாவே எழுதுவோம்மா. ஞானாம்பா, எழுது. ‘சங்குத்திட்டில் யான் கண்ட பறவைக் கூட்டம் கண்கொள்ளாக் காட்சி. கழகத்தார் யாவரும் குடும்பத்துடன் வந்து தங்குதல் கடன்.’”

“கண்டதா?”

“எழுதுடி!”

எழுதினாள். பிறகு அவரைக் கேளாமலே கீழே ஒரு வரி சேர்த்து, ஆசியா உம்மாளுக்கு உரக்கப் படித்தும் காட்டினாள்: ‘குறிப்பு: தையில் நாற்றமும் சத்தமும் உண்டு. தூக்கம் வேண்டுவோர் செம்மண்டலத்திலேயே தூங்குக.’ பின்னர் பேனாவை அவர் விரலிடையில் திணித்து, கையைத் தாளின்மேல் வைத்தாள். மறுப்பதற்கு அவரிடம் வாய் இருந்தது, துணிவு இல்லை.

படகு வளைவைக் கடந்தபின் ஆசியா உம்மாள் மரத்தடிக்குப் போய் நிமிர்ந்து பார்த்தாள். வெட்டு ஆழமில்லை, அந்தக் கிளையின் கூடுகள் மூன்றும் இருந்த இடத்திலேயே இருந்தன. பதிவேட்டை விரித்தாள். தலைவரின் கையொப்பம் கோட்டில் தொடங்கி, சேற்றில் நண்டு நடந்ததுபோல் தாளின் மூலைவரை ஓடியிருந்தது. இத்தகைய மனிதனின் எழுத்தை நம்பியா ஒரு வீடு நிற்க வேண்டும் என்று நொந்துகொண்டாள். ஆனாலும் மை காயும்வரை அதைக் காற்றில் விரித்துப் பிடித்தாள்; கொழுந்தன் நாளை வருவான்.