ஜெயராஜிடம் பேசிய பூதம்

தேர்வாய் கண்டிகைக் கம்பெனி ஒன்றில் லோடு ஏற்றும் கலியன்தான் ஞாயிறு மதியக் கதைக்காரன். கம்பெனிக்குப் பயிற்சிக்கு வந்த பரத் கற்றுக்கொடுத்துவிட்டுப் போன விளையாட்டு அது. கலியன் குகை, பூதம் என்று கதை சொல்ல, மற்றவர்கள் வீரர்களாகி உள்ளே நுழைவார்கள். பிழைப்பதும் சாவதும் பகடை சொன்னபடி.

போன வாரம் பேக்கிங் செக்‌ஷன் தமிழ்செல்வி குத்திப் பேசிவிட்டாள். “இன்னாண்ணே, பூதத்துக்கு வேற வேலையே இல்லியா? வாராவாரம் அதே கொகையில குந்திக்கினு கீது.”

கலியனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்ல மனம் வராமல், போனில் இருக்கும் ஏஐயிடம் வாயாலேயே கதை கேட்டான். விளையாடுகிறவர்களைப் பற்றிச் சொல்லச் சொன்னது அது. கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னான். நொடியில் கதை வந்து விழுந்தது. முதல் நாலு வரியை முக்கி முக்கிப் படித்தான். நன்றாயிருந்தது, மூடி வைத்துவிட்டான். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவனுக்கு அதற்கு மேல் ஓடவில்லை.

இந்த ஞாயிறு கலியனின் அறையில் மூவரும் உட்கார்ந்ததும், “நானே யோசிச்சு எழுதனது” என்று போனை எடுத்தான்.

“எங்கண்ணன் ரைட்டர் ஆய்ட்டாரு” என்றான், அவனோடு ஜோடியாக மூட்டை தூக்கும் ஜெயராஜ். பகடையை உருட்டினான். ஒன்று விழுந்தது.

“ஒன்னு உழுந்தா பூதம் உன்னாண்ட பேசும்” என்று சொல்லிவிட்டு, கலியன் திரையில் விரல் வைத்து எழுத்துக் கூட்டினான். சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் அவனுக்குப் பொருள் உள்ளே வரும்.

“வீரனே... கிடங்கு... எரிந்த அன்று... சுவர் ஏறிக்... குதித்தாய். உள்ளே... கத்திய... நண்பனை...”

படிப்பதை நிறுத்தினான். நிறுத்திப் பயனில்லை. பழைய கம்பெனித் தீயில் நடந்ததை ஜெயராஜ் இந்த உலகத்தில் கலியன் ஒருவனிடம்தான் அழுதுகொண்டே சொல்லியிருந்தான்.

பகடையை எடுக்கப் போன தமிழ்செல்வி, ஜெயராஜின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

“நான் எழுதலப்பா” என்றான் கலியன். “கம்ப்யூட்டரு எழுதனது. சத்தியமா.”

“அதுக்கு யாருண்ணே சொன்னது?”

நாக்கு வரை வந்த பொய்யைச் சொல்லவும் கூசியது. “நான்தான். கத நல்லா வரணும்னு...”

ஜெயராஜ் எழுந்து செருப்பை மாட்டினான். “சரிண்ணே. நாளைலேந்து நான் வேற ஜோடி பாத்துக்கறேன்” என்றான், கோபமே இல்லாத குரலில்.