ஞானமேரியின் மூன்றாம் ஓலை

1

இந்தக் கதை ஒரு சொல்லுக்காக எழுதப்படுகிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சொல் என்னுடையதல்ல, ஸ்பெயின் தேசத்துச் சொல். இலுசியோன். எங்கள் சந்தவாசல் பக்கத்துப் பங்குக் கோயிலுக்கு வந்த பெனீத்து சாமியார் தம் ஊரிலிருந்து கொண்டுவந்தது. பொய்த்தோற்றத்துக்கும் அதுதான் பெயராம். நல்லது ஒன்று வரப்போகிறதென்று வயிற்றுக்குள் துள்ளுகிற சந்தோஷத்துக்கும் அதுதானாம்.

“எது எதுன்னு எப்படி சாமி கண்டுபிடிப்பீங்க?” என்று கேட்டேன்.

“நடந்து முடிந்த பிறகு,” என்றார்.

2

முதல் தொடக்கம்: ‘ஜவ்வாது மலைமேல் மேகங்கள் தவழ்ந்துகொண்டிருந்த அந்த’

(விட்டுவிட்டேன். அது மே மாதம். மேகங்களும் விடுமுறையில் போயிருந்தன.)

இரண்டாம் தொடக்கம்: 1944. என் பெரியப்பா சின்னப்பராஜின் மகள் ஞானமேரி அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சந்தியாகப்பன் பட்டாளத்தில், அஸ்ஸாம் பக்கம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை படிக்க வேண்டும்: இன்னார் இன்னாரைக் கட்டப்போகிறார், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். இரண்டு ஓலை ஆயிற்று. லீவு கிடைத்துவிட்டதென்று எழுதிய மாப்பிள்ளையிடமிருந்து அப்புறம் ஒரு வரி இல்லை. கல்யாணமோ புதன்கிழமை.

மூன்றாவதும் படித்து மாப்பிள்ளை வராமல் போனால், எங்கள் பக்கத்தில் அந்தப் பெண்ணை வேறு யாரும் கேட்டு வரமாட்டார்கள்.

3

சாமியாருக்குத் தமிழ் பேச வரும். தமிழ் எழுத்து வராது. பள்ளிக்கூட விடுமுறையில் தமிழ் ஓலையை அவருடைய ரோமன் எழுத்தில் எழுதிக்கொடுப்பது என் உத்தியோகம். எழுதியிருப்பதை அப்படியே படிப்பார். (ஒருமுறை ஓரத்தில் நான் குறித்துவைத்திருந்த ‘சோப்பு வாங்க வேண்டும்’ என்பதையும் படித்தார். சபை ‘ஆமென்’ என்றது.)

சனிக்கிழமை பெரியப்பா அக்காவோடு வந்தார்.

“மாப்ள மூஞ்சியே காணோம். மூணாவது ஓலை இன்னாத்துக்கு? நிறுத்திடுங்க சாமி.”

சாமியார் அக்காவைப் பார்த்தார்.

“படிங்க சாமி.”

“அவன் வர்லன்னா இன்னாடி பண்ணுவே?”

“வர்லன்னா புதன்கிழமை அழுவுறேன் நைனா. ஞாயித்துக்கிழமையே இன்னாத்துக்கு அழுவணும்?” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “நீ எழுதுடா.”

4

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். இப்படியெல்லாம் ஒருத்தி பேசுவாளா? ஆனால் பேனா என் கையில் இருந்தது, நான் சாட்சி.

ஒரு வரைவில், ஓலை படிக்கும்போது மாப்பிள்ளையே ரயில் கரியோடு கோயில் வாசலில் நிற்கிறார். நாடகக் கொட்டகை வாசனை அடித்தது. இன்னொன்றில் பட்டாளத்திலிருந்து தந்தி வருகிறது. அதை எழுதிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கிழித்துவிட்டேன்.

5

நடந்தது இது. ஓலை படிக்கிற ஞாயிறுகளில் பெண் கோயிலுக்கு வருவதில்லை. வெட்கமாம். முதல் இரண்டுக்கும் அக்கா வரவில்லை. மூன்றாவதற்கு வந்து, பெண்கள் பக்கத்தில் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்தாள்.

“இன்னாடி, வெக்கமே இல்லியா?” என்றாள் மதலேனாள் அத்தை.

“வூட்ல வெச்சிட்டு வந்துட்டேன் அத்தே.”

சாமியார் படித்தார். “தடை தெரிந்தவர்கள்...” என்று நிறுத்தினார். அக்கா எழுந்து நின்றாள். பெரியப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“இன்னொரு தபா படிங்க சாமி.”

சாமியார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் அப்படி எழுதியிருக்கவில்லை. இருந்தாலும் படித்தார், நிதானமாக, இரண்டு பெயரையும். அக்கா உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சிரிப்பைத்தான் மூட முடியவில்லை.

6

புதன்கிழமை கண்ணமங்கலம் ஸ்டேஷனுக்கு வண்டி கட்டிக்கொண்டு நானும் பெரியப்பாவும் போனோம். ரயில் நின்றது. கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு காக்கிச் சட்டை

(இதற்கு மேல் எழுதினால் நடந்து முடிந்ததாகிவிடும். அக்கா இன்னும் கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளை எழுப்ப எனக்கு மனசில்லை. வாக்கியத்தை நீங்களே முடித்துக் கொடுங்கள். ஒன்று மட்டும்: பார்த்து எழுதுங்கள். சாமியார் எழுதியிருப்பதை அப்படியே படித்துவிடுவார்.)