கிரேன்காரர் கீழே இறங்கினார்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவரை எல்லோரும் ‘கழுகு’ என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் கிரேனின் இரும்பு ஏணியில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் தரையை மிதிப்பார். நடுவில் இறங்கினால் கீழே இருப்பவர்கள் எல்லாம் கைகட்டி நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அதனால் தண்ணீர்ப் பக்கமே போவதில்லை. வெயிலில் மேலே அவர் உட்காரும் கண்ணாடி அறை அனலாய்க் கொதித்தாலும் நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து விண்விண்ணென்று தெறிக்கும். அதற்குச் சட்டைப்பையில் வலி மாத்திரை தயாராக இருக்கும். மிட்டாய் போல வாயில் போட்டுக்கொள்வார்.

கிரேன் ஓட்டுபவர்களுக்கு வருஷா வருஷம் உடம்பைச் சோதிப்பார்கள். இந்த முறை டாக்டரம்மா அவரை மட்டும் மறுபடி வரச் சொல்லி, ரத்தம், சிறுநீர் எல்லாம் இன்னொரு தரம் பார்த்தார்.

“பிரஷர் ஏறியிருக்கு. சிறுநீர்ல புரோட்டீன் போகுது. உங்க கிட்னி ரெண்டும் பாதி வேலைதான் செய்யுது.”

“எனக்கு ஒண்ணுமே தெரியலையேம்மா. வலி கிலி எதுவும் இல்லையே.”

“அதான் இதுல சிக்கலே. அது சத்தம் போடாது. போனது திரும்பி வராது, இருக்கறதைக் காப்பாத்தலாம். அந்த வலி மாத்திரையை இன்னையோட விடுங்க. உப்பைக் குறைங்க. பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் தவறவிடக் கூடாது. தாகம் எடுத்தா குடிங்க, வந்தா அடக்காதீங்க. அதுக்காகக் குடம் குடமாவும் குடிக்க வேணாம்.”

வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவினார். சாப்பிட உட்கார்ந்ததும் உப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். ரசத்திலேயே கூடுதலாக உப்புப் போட்டுக்கொள்ளும் மனுஷர். மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“என்னங்க ஆச்சு? சொல்லுங்க.”

சொன்னார். அவள் அழவில்லை. சமையலறைக்குள் போய், அவர் வேலைக்குக் கொண்டுபோகும் சிப்ஸ் பொட்டலங்களையும் பாக்கெட் நூடுல்ஸையும் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். பின்பக்கம் அச்சடித்திருந்த உப்பின் அளவைப் படிக்கப் படிக்க அவள் முகம் இறுகிக்கொண்டே போனது.

மறுநாளிலிருந்து எலுமிச்சை, பூண்டு, மிளகு இவற்றை வைத்தே சமைத்தாள். அவர் முதல் வாய் வைத்ததும் கேட்டாள்: “எப்படி இருக்கு?”

“ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டுச் சாப்பிடற மாதிரி இருக்கு.”

“அங்க போய்ப் படுக்காம இருக்கத்தான் இது. பேசாம சாப்பிடுங்க.”

உப்பு இல்லாத சாப்பாடு சில வாரங்களில் நாக்குக்குப் பழகிவிட்டது. ஏணிதான் பழகவில்லை. தண்ணீர் பாட்டிலை மேலே கொண்டுபோவார், அப்படியே கீழே கொண்டுவருவார். இத்தனை வருஷம் இறங்காதவன் என்று பேர் வாங்கிவிட்டு, இப்போது ஒன்றுக்குப் போக இறங்குகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? மாலையில் பாட்டிலைக் கழுவ எடுக்கும் மனைவி, மூடியைத் திருகிப் பார்ப்பாள். நிறைந்த பாட்டிலை எதுவும் சொல்லாமல் தொட்டியில் கவிழ்ப்பாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

ஒரு நாள் காலை பாட்டிலைப் பாதி காலி செய்துவிட்டு ஏறினார். வெயில் ஏறிய நேரம், கம்பிக்கட்டு ஒன்றை இறக்கி வைத்துவிட்டு வயர்லெஸ்ஸை எடுத்தார்.

“சூப்பர்வைசர் சார், நான் இறங்கறேன். ஒண்ணுக்குப் போகணும்.”

வயர்லெஸ் கொரகொரத்தது. யாரோ சிரிக்கப்போகிறார்கள் என்று அவர் உடம்பைக் குறுக்கிக்கொண்டார். அடுத்த கிரேனிலிருந்து ஒரு குரல் வந்தது. அதை ஓட்டுபவள் ஒரு பெண். கைகாட்டியிருக்கிறார்களே தவிர, இருவரும் நின்று பேசியதில்லை.

“அண்ணே, நெசமாவா இறங்கறீங்க? அப்ப நானும் இறங்கறேன்.”

“இறங்குங்கப்பா. கம்பியை நாங்க அவுத்து அடுக்கவே நேரமாகும்,” என்றார் சூப்பர்வைசர்.

கழிவறைக்கு வெளியே, குழாயடியில் இருவரும் சந்தித்தார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்: “அடக்கி அடக்கி எனக்கு நீர்க்கடுப்பு, காய்ச்சல்னு ரெண்டு தடவை படுத்துட்டேன்ணே. நீங்களே இறங்காதப்ப, நான் எப்படிக் கேக்கறது? பொம்பளைன்னா இப்படித்தான்னு சொல்லிடுவாங்களேன்னு பயம்.”

அவருக்குச் சுருக்கென்றது. தன் உடம்பை மட்டும்தான் வதைத்தோம் என்று நினைத்திருந்தார்.

அங்கேயே சூப்பர்வைசரிடம் போய் நின்றார். “சார், இடையில ஒரு தரம் நாங்க மாத்தி மாத்தி இறங்கறோம். ஒரு கிரேன் ஓடிக்கிட்டேதான் இருக்கும்.”

“தாராளமா. உங்களை யாருய்யா இறங்காதேன்னு சொன்னது?” என்றார் சூப்பர்வைசர்.

யாரும் சொல்லவில்லைதான். அவர் ஏணிப் பக்கம் நடந்தார்.

கழுத்துக்கு டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த பயிற்சியை மேலே இருக்கையிலேயே செய்ய ஆரம்பித்தார். வலி முழுக்கப் போகவில்லை, தாங்கிக்கொள்ளும்படி ஆனது. மாலையில் பேருந்திலிருந்து இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வீட்டுக்கு நடந்தார்.

மழைக்காலம் முடிந்து மறுபடி பரிசோதனைக்குப் போனபோது மனைவியும் கூட வந்தாள். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“பிரஷர் இறங்கியிருக்கு. கிட்னி அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு.”

“தேறலையா?” என்றாள் மனைவி.

“மோசமாகலை. இந்த வியாதியில அது பெரிய விஷயம்மா.”

வெளியே வந்து இருவரும் நடைபாதையில் நின்றார்கள். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பேருந்து வந்தும் விடவில்லை.

“ஏறலையா?” என்றார்.

“நடக்கலாங்க,” என்றாள்.